பசை வைக்காத கம்பி

மானிப்பாயில் இருக்கும் எங்கள் கடையின் முன்பாதி என் கணவருடையது. அங்கே அவர் போன்களுக்கு ரீலோட் போடுவார், சார்ஜர் விற்பார், உடைந்த கண்ணாடி மாற்றிக் கொடுப்பார். துணித்திரைக்குப் பின்னால் இருக்கும் பாதி என்னுடையது. ஒரு மேசை, ஒரு நுணுக்குக்காட்டி, ஈயம் பற்றவைக்கும் கருவி, சூடான காற்று ஊதும் குழல். அரிசிக் குறுணியை விடச் சிறிய சாமான்களைப் போர்டிலிருந்து கழற்றுவதும் புதியதை வைத்துப் பற்றவைப்பதும்தான் என் வேலை. தண்ணீரில் விழுந்த போன், சார்ஜ் ஏறாத போன், வேறு கடைகள் ஏலாது என்று திருப்பிவிட்ட போன் எல்லாம் என்னிடம் வரும். திருப்பிவிடப்பட்டவை வரும்போது எனக்குள் ஒரு தனிச் சந்தோஷம் இருந்தது. அதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நடந்ததற்கு அந்தச் சந்தோஷமும் ஒரு காரணம்.

வாடைக்காற்று தொடங்கியிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தொண்டைமானாற்றிலிருந்து ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். மனைவியை ஆஸ்பத்திரியில் சுகர் கிளினிக்கில் இருத்திவிட்டு நேரே எங்களிடம் வந்திருந்தார். பையிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து என் கணவரின் முன்னால் வைத்தார். மீன்பிடிப் படகில் பூட்டும் ஜிபிஎஸ்.

“உது உயிர் வருகுதில்லை. நெல்லியடியிலை ஒரு கடை, யாழ்ப்பாணத்திலை ரெண்டு கடை குடுத்துப் பாத்தாச்சு. போன் எண்டால் செய்வினமாம், இது ஏலாதாம். இஞ்சை ஒரு பிள்ளை செய்யும் எண்டு சொன்னாங்கள்.”

நான் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். “எப்ப வேணும் அண்ணை?”

“இண்டைக்குப் பின்னேரம் தொழிலுக்குப் போகவேணும் பிள்ளை. மூண்டு நாளாய்க் காத்து. இண்டைக்குத்தான் கொஞ்சம் அடங்கியிருக்கு. நானும் மச்சானும் போறம். உது இல்லாமல் இருட்டுக்கை போனால் எங்கை நிக்கிறம் எண்டு தெரியாது. இந்திய எல்லைக் கோட்டைத் தாண்டி அங்காலை போட்டமெண்டால் பிடிச்சுப்போடுவாங்கள்.”

உள்ளே கூட்டிவந்து கதிரையில் இருத்தினேன். பெட்டியைத் திறந்ததும் உப்பு வாசம் வந்தது. ரப்பர் வளையம் ஒரு பக்கம் வெடித்திருந்தது. அந்த வழியாகத் தண்ணீர் போயிருக்கிறது. நுணுக்குக்காட்டியின் கீழே போர்டை வைத்துப் பார்த்தபோது, மின்சாரம் உள்ளே வரும் இடத்தில் ஆறு கால் உள்ள ஒரு சிறிய சிப்பில் பச்சை பூத்திருந்தது. மீற்றரை வைத்துப் பார்த்தேன். அந்தச் சிப்புக்கு ஒரு பக்கத்தில் மின்சாரம் வருகிறது, மறுபக்கத்தால் போகவில்லை. பிழை எங்கே என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. மூன்று கடைக்காரர் கைவிட்டதை நான் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டேன் என்பது எனக்கு இனித்தது.

அவரையும் பார்க்கச் சொன்னேன். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார்.

“நண்டுக் குஞ்சு மாதிரிக் கிடக்கு” என்றார்.

“உந்த நண்டைத்தான் மாத்தவேணும்.”

“மத்தியானத்துக்கிடையிலை ஏலுமே?”

“ஓம். ஏலும்.”

அதே சிப் பழைய போர்டு ஒன்றில் என்னிடம் இருந்தது. அதைப் பத்திரமாகக் கழற்றி எடுத்து வைத்தேன். பிறகு இவருடைய போர்டில் இருந்த பழுதான சிப்பின் மேல் ஈயம் இளக உதவும் பிளக்ஸ் வைத்து, சூடான காற்றைச் சுற்றிச் சுற்றிக் காட்டினேன். ஈயம் இளகும்போது மங்கலாக இருப்பது திடீரென்று பளபளக்கும். எல்லாக் கால்களிலும் அது நடந்தபிறகு சிப்பை ட்வீசரால் மெல்லத் தொட்டால், தண்ணீரில் மிதப்பதுபோல் அசைந்து திரும்பத் தன் இடத்துக்கு வரும். அப்போதுதான் தூக்க வேண்டும். இதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஐந்து கால்கள் பளபளத்தன. ஆறாவது, உப்பு அரித்த கால். அரித்த ஈயம் இலகுவில் இளகாது. கருவியால் புது ஈயம் கொஞ்சம் கலந்து, இன்னும் பிளக்ஸ் வைத்து, பொறுத்துச் செய்ய வேண்டும். அவர் மணிக்கூட்டைப் பார்த்ததைக் கண்டேன். அவர் என்னை அவசரப்படுத்தவில்லை. நான்தான் அந்தக் கால் பளபளக்கும் முன்பே ட்வீசரைக் கொடுத்துத் தூக்கினேன்.

சிப் வந்தது. அந்த ஆறாவது கால் உட்கார்ந்திருந்த செப்புத் திட்டும் தோல் உரிவதுபோல் போர்டிலிருந்து உரிந்து சிப்போடு வந்தது.

செப்புத் திட்டு இல்லையென்றால் புதுச் சிப்பின் அந்தக் காலுக்குப் பற்றவைக்க இடமில்லை. இதற்கு வழி உண்டு. தலைமயிரளவு செப்புக் கம்பி ஒன்றை எடுத்து, சிப்பின் காலிலிருந்து பக்கத்தில் அதே இணைப்பில் இருக்கும் இன்னொரு சாமானுக்குப் பாலம்போல் பற்றவைக்கலாம். நான் அப்படிச் செய்தேன். நன்றாகவே செய்தேன். ஆனால் அந்தக் கம்பி அந்தரத்தில் நிற்கும். அதன்மேல் ஒருவகைப் பச்சைப் பசையை வைத்து ஊதா விளக்கைக் காட்டினால், கம்பி போர்டோடு ஒட்டி இறுகிவிடும். அதன்பிறகு எந்த அதிர்ச்சிக்கும் அசையாது. என்னிடமிருந்த பசை குழாய்க்குள்ளேயே காய்ந்துபோயிருந்தது. புதியது கொழும்பிலிருந்து வியாழக்கிழமைதான் வரும்.

வயர் கொடுத்தேன். பெட்டி உயிர் பெற்றது. திரையில் எங்கள் தெருவுக்கு நேரே ஒரு சிறிய அம்புக்குறி வந்து நின்றது. அவர் எழுந்து நின்று கை தட்டினார். உண்மையாகவே தட்டினார், பிள்ளைகள் தட்டுவதுபோல.

“நீ கெட்டிக்காரி பிள்ளை! அங்கை ஒருத்தனாலையும் ஏலேல்லை.”

அப்போது சொல்லியிருக்கலாம். ‘அண்ணை, ஒரு கம்பி போட்டிருக்கிறன், அதுக்குப் பசை வைக்கேல்லை, வியாழக்கிழமை கொண்டுவாங்கோ, அதுவரைக்கும் இதை நம்பிக் கடலுக்குப் போகாதேங்கோ.’ ஒரு மூச்சில் சொல்லி முடிக்கக்கூடிய விஷயம். வெடித்த ரப்பர் வளையத்துக்கு சிலிக்கன் பூசினேன். மூடியை இறுக்கினேன்.

“எல்லாம் சரியோ? இனிக் கரைச்சல் தராதே?” என்று அவர் கேட்டார்.

“ஓம் அண்ணை. எல்லாம் சரி” என்றேன்.

அன்று பின்னேரம் முழுக்க வேறு வேலை ஓடவில்லை. வெளிப்பக்கம் இயந்திரம் பூட்டிய படகு ஒன்று கடலில் அலையில் மோதி மோதிப் போவதை நினைத்தேன். எஞ்சின் அதிரும், படகு அதிரும், பெட்டி அதிரும், அதற்குள் அந்தக் கம்பியும் அதிரும். இரண்டு போனில் இப்படிப் பசையில்லாமல் கம்பி போட்டுக் கொடுத்து இன்றுவரை வேலை செய்கிறது என்று என்னையே சமாதானப்படுத்தினேன். ஆனால் போன் சட்டைப் பைக்குள் இருப்பது.

புதன்கிழமை காலை கடை திறந்ததும் அவருடைய இலக்கத்துக்கு எடுத்தேன். வேலை செய்யவில்லை. காலையில் கரைக்கு வந்து மீனை விற்றுவிட்டு நித்திரை கொள்வாராக்கும் என்று நினைத்தேன். பதினொரு மணிக்கு எடுத்தேன். ஒரு மணிக்கு எடுத்தேன். பற்றுச்சீட்டில் அவர் தந்த இரண்டாவது இலக்கம் ஒன்று இருந்தது. அதற்கு எடுத்தபோது ஒரு பெண் உடனே எடுத்தார். மணி ஒருமுறை அடித்து முடியவில்லை.

“ஹலோ, கண்டாச்சே?” என்றார்.

நான் யாரென்று சொன்னேன். அவர் குரல் இறங்கிப்போனது. “அவர் இன்னும் வரேல்லை தங்கச்சி. விடிய ஆறு மணிக்கு வாறவை. ரெண்டு வள்ளம் தேடிப் போயிருக்கு.”

திரையை விலக்கிக்கொண்டு போய்க் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கம்பியையும் பசையையும் சேர்த்துத்தான். அவர் கையிலிருந்த போன் கவரைக் கீழே வைத்தார்.

“உமக்கு என்ன விசரே? வேற ஆரிட்டையும் உதைச் சொல்லிப்போடாதையும்.”

“நான் அங்கை போகவேணும்.”

“போய் என்ன செய்யப்போறீர்? கடலுக்கை இறங்கித் தேடப்போறீரே? எஞ்சின் பழுதாய்ப் போயிருக்கலாம். எண்ணெய் முடிஞ்சிருக்கலாம். ஆயிரம் இருக்கும். நீர் போய் நான்தான் செய்தனான் எண்டு நிண்டால், நாளைக்கு ஒண்டெண்டால் பழி முழுக்க எங்கடை தலையிலை.”

அவர் சொன்னதில் பிழை இல்லை. எனக்கும் அந்த எண்ணம் வந்தது. எஞ்சினாக இருக்கட்டும், எஞ்சினாக இருக்கட்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டு நின்றேன். இரண்டு மனிதர் நடுக்கடலில் எஞ்சின் நின்று தவிக்க வேண்டும் என்று நான் வேண்டுகிறேன் என்பது கொஞ்சம் பிந்தித்தான் உறைத்தது. என் ஹான்ட்பாக்கை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு வெளிக்கிட்டேன். சந்திவரை நடந்திருப்பேன், பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார்.

“ஏறும்” என்றார். அவ்வளவுதான். சுன்னாகம் தாண்டி, அச்சுவேலி தாண்டி, தொண்டைமானாற்றுப் பாலம்வரை நிறுத்தாமல் ஓட்டினார்.

கரையில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். காற்று மறுபடி எழும்பியிருந்தது. வலை வைக்கும் ஓலைக் கொட்டில் ஒன்றில், போனில் கதைத்த அவருடைய மனைவி, அந்த அக்கா இருந்தார். கிளினிக் முடிந்து அவரோடு பஸ்ஸுக்குப் போகும்போது எங்கள் கடை வாசலில் சிரித்துவிட்டுப் போனவர், முகம் நினைவிருந்தது. என்னைக் கண்டதும் எழும்பினார்.

“நீங்கள் மானிப்பாய்க் கடைப் பிள்ளையெல்லே? இவ்வளவு தூரம் வந்தனீங்களே?” என்று என் கையைப் பிடித்தார். “இருங்கோ. அவருக்கு நேற்றுச் சரியான சந்தோசம். பஸ்ஸிலை அந்தப் பெட்டியை மடியிலை வைச்சுக்கொண்டு வந்தவர். என்ரை தம்பியும் கூடப் போயிருக்கிறான். எஞ்சின் நிண்டிருந்தாலும் எங்கை நிக்கிறம் எண்டாவது தெரியுமெல்லே. அதை நினைச்சுக்கொண்டுதான் இருக்கிறன்.”

கையை விடாமலே என்னையும் பக்கத்தில் இருத்தினார். நான் சொல்லிவிட்டேன். அவர் கையை உருவிக்கொள்வதற்கு முன் சொல்லி முடித்துவிட வேண்டும் என்பதுபோல் அவசரமாகச் சொன்னேன். செப்புத் திட்டு உரிந்தது, கம்பி, பசை இல்லாதது, எல்லாம் சரி என்று நான் சொன்ன பொய். அவருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. கடைசியில், “அது நிண்டுபோயிருக்கும் அக்கா” என்றேன்.

அவர் கத்தவில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“உதை ஏன் இப்ப வந்து எனக்குச் சொல்லுறியள்?”

நான் ஹான்ட்பாக்கை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

“எனக்கு அந்தப் பெட்டி ஒண்டுதான் இருந்தது. இப்ப அதுவும் இல்லை. நீங்கள் உங்கடை நெஞ்சிலை கிடந்ததை என்ரை மடியிலை போட்டிட்டியள். நான் இதைக் கொண்டுபோய் எங்கை போடுறது?”

அங்கே கடலைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு பெரியவர் திரும்பினார். காணாமற்போனவரின் அண்ணை அவர். “என்ன பிள்ளை, என்ன கதை?” என்று கேட்டார்.

“ஒண்டுமில்லை, போன் கடைப் பிள்ளை” என்று அக்கா சொன்னார். என்னைக் காப்பாற்றச் சொன்னாரா, இன்னொரு தடவை கேட்க முடியாமல் சொன்னாரா, தெரியாது. ஆனால் நான் பெரியவரிடமும் சொன்னேன். அவர் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. காற்று வரும் பக்கம் முகத்தைத் திருப்பி யோசித்தார்.

“எப்ப அறுந்திருக்கும்?”

“தெரியாது. போய் ஒரு மணித்தியாலத்திலையும் இருக்கலாம். எஞ்சின் அதிர அதிர…”

“அப்ப அவங்கள் வழமையாய் வலை போடுற இடத்துக்கே போய்ச் சேர்ந்திருக்க மாட்டாங்கள். நாங்கள் அங்கைதான் போய்த் தேடிக்கொண்டு நிக்கிறம். இந்தக் காத்துக்கு மேற்கை இழுத்துக்கொண்டு போயிருக்கும்.” போனை எடுத்து மாதகலில் யாரையோ கூப்பிட்டு, எங்கே எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லத் தொடங்கினார். அதற்குப் பிறகு அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. அக்கா என்னைப் பார்க்காமல், “நீங்கள் போங்கோ தங்கச்சி. இதிலை நிக்காதேங்கோ” என்றார்.

வியாழக்கிழமை பத்து மணிபோல் பெரியவரின் அழைப்பு வந்தது. மாதகலுக்கு நேரே, கரையிலிருந்து கண்ணுக்கு எட்டாத தூரத்தில், எண்ணெய் முடிந்து மிதந்துகொண்டிருந்த படகை அந்த ஊர் ஆட்கள் கண்டு இழுத்து வந்திருந்தார்கள். இருவருக்கும் உயிர் இருந்தது. மச்சான் படகுக்குள் விழுந்து விலா எலும்பு இரண்டு உடைந்திருந்தது. போனை வைத்துவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். கணவர் முன்னால் நின்ற ஆளுக்கு ரீலோட் போட்டு அனுப்பிவிட்டு வந்து, என் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அன்று மத்தியானம்தான் கொழும்பிலிருந்து பசை வந்தது.

ஒரு கிழமை கழித்து அவர் கடைக்கு வந்தார். முகம் வெயிலில் உரிந்திருந்தது. கதிரை போட்டேன், இருக்கவில்லை. அந்தப் பெட்டியை மேசையில் வைத்தார்.

“திறந்து காட்டு பிள்ளை. நான் பாக்கவேணும்.”

திறந்தேன். சிலிக்கன் பூசிய இடம் காய்ந்திருந்தது. உள்ளே தண்ணீர் போகவில்லை. நுணுக்குக்காட்டியின் கீழே வைத்தேன். சிப் உட்கார்ந்தபடி இருந்தது. கம்பி, பாலத்தின் அந்தப்பக்கத்தில், ஈயத்தோடு சேரும் இடத்தில் அறுந்து தூக்கிக்கொண்டு நின்றது. அவரைப் பார்க்கச் சொன்னேன். நெடுநேரம் குனிந்து பார்த்தார்.

“இந்த மயிரளவு சாமானோ?”

“ஓம் அண்ணை.”

“வெளிக்கிட்டு முக்கால் மணித்தியாலத்திலை நிண்டது. தட்டிப் பாத்தம், வயரைக் கழட்டிப் பூட்டிப் பாத்தம். பேந்து மழை. என்ரை போனும் மச்சான்ரை போனும் நனைஞ்சு போச்சு. ஒரு வெளிச்சத்தைக் கண்டு பருத்தித்துறை வெளிச்சவீடு எண்டு ஓடினம். கிட்டப் போனால் அது இந்திய இழுவைப் படகின்ரை லைட். கோட்டுக்கு அங்காலை நிக்கிறமோ இஞ்சாலை நிக்கிறமோ தெரியாது. லைட்டை நூத்துப்போட்டு, எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு, இருட்டுக்கை குந்திக்கொண்டு இருந்தம். அலை தூக்கி அடிச்சதிலைதான் அவன் விழுந்தவன். அவன் முனகிறதைக் கேட்டுக்கொண்டு இருந்தன், வேற ஒண்டும் செய்யேலாது. விடிஞ்சு கரையைத் தேடி ஓடினதிலை எண்ணெயும் முடிஞ்சுது.”

அவர் குரல் ஏறவே இல்லை. ஏறியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“கம்பி அறுந்ததுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை பிள்ளை. வலையும் அறும், கயிறும் அறும். நீ எனக்குச் சொல்லியிருக்கலாமெல்லே? அண்ணையின்ரை வள்ளம் அண்டைக்குப் போகேல்லை. அதிலை கிடந்ததைக் கழட்டிக்கொண்டு போயிருப்பன். நான் சரியோ எண்டு கேட்டனான். நீ ஓம் எண்டனீ.”

“பிழை அண்ணை. என்னிலைதான் பிழை.”

“ஏன் சொல்லேல்லை?”

அந்தக் கேள்விக்கு நான் ஒரு கிழமையாகப் பதில் தேடியிருந்தேன். நேரமில்லை, பசையில்லை, நம்பிக்கை இருந்தது என்று பலதும் வைத்திருந்தேன். அவர் முன்னால் அவை ஒன்றும் வாயில் வரவில்லை.

“நீங்கள் கை தட்டினீங்கள்” என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் சொன்னது விளங்கியதா என்று தெரியவில்லை. “இப்ப பசை வந்திருக்கு. இதிலையே செய்து தாறன், ஒண்டும் தரவேண்டாம்” என்று சொன்னேன். அவர் மூடியை எடுத்துப் பெட்டியின் மேல் வைத்தார், திருகாணிகளைப் பொறுக்கிச் சட்டைப் பைக்குள் போட்டார், பெட்டியைப் பையில் வைத்தார்.

“வேண்டாம். நான் வாறன்” என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது என் கணவரிடமும் தலையசைத்துவிட்டுப் போனார்.

மாதாமாதம் கிளினிக் நாளில் அந்த அக்கா எங்கள் கடையைத் தாண்டிப் போவார். ஒருமுறை பஸ் தரிப்பில் நேருக்கு நேர் சந்தித்தோம். “தம்பிக்கு எப்பிடி?” என்று கேட்டேன். “இருமினால் நோகுதாம். தொழிலுக்குப் போறான்” என்றார். பஸ் வந்தது. ஏறினார்.

நான் வேலையை விடவில்லை. இப்போது ஒரு போனைத் திருப்பிக் கொடுக்கும்போது என்ன உரிந்தது, எங்கே கம்பி போட்டேன் என்று எல்லாவற்றையும் சொல்கிறேன். ஆட்களுக்கு அது பிடிப்பதில்லை. சிலர் பாதியில், “வேலை செய்யுதோ இல்லையோ, அதைச் சொல்லுங்கோ” என்கிறார்கள். சிலர் சந்தேகப்பட்டு வேறு கடைக்குப் போகிறார்கள். திரைக்கு அந்தப்பக்கம் கணவர் பெருமூச்சு விடுவது கேட்கும்.

தென்மேற்கிலிருந்து சோழகம் வீசும் மாதத்தில் ஓர் இளம் தொழிலாளி அதேமாதிரிப் பெட்டி ஒன்றோடு வந்தார். தொண்டைமானாறு என்றார். யார் அனுப்பியது என்று கேட்டேன். அந்த அண்ணையைத்தான் சொன்னார்.

“உங்களிட்டைக் குடுக்கச் சொன்னவர். என்ன செய்தவ எண்டு கேள், இப்ப சொல்லுவா எண்டவர்.”

பெட்டியைத் திறந்து பார்த்தேன். அதே இடம், அதே சிப், அதே பச்சை. பசை இருந்தது. நேரமும் இருந்தது. ட்வீசரைக் கையில் எடுத்தேன். அவர் எப்போது தொழிலுக்குப் போகிறார் என்று கேட்டேன், நாளைக்கு என்றார். ட்வீசரை வைத்துவிட்டேன்.

“கடலுக்குப் போற சாமான் நான் எடுக்கிறேல்லை தம்பி. குறை நினைக்காதேங்கோ.”

“ஏலாதே?”

“ஏலும்” என்றேன். “எடுக்கிறேல்லை.”

அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸுக்குப் போனார். அங்கே எந்தக் கடையில் கொடுத்தார், யார் செய்தார், செய்தவர் அவரிடம் என்ன சொன்னார், ஒன்றும் எனக்குத் தெரியாது. அன்று முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.